ஐப்பசியில் நட்டால் சித்திரையில் கூவும்

போன வாரம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். காபி குடிச்சுக்கிட்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அப்புறம், "சார், நானும்தான் தோட்டம் போட்டிருக்கேன். இந்த வெயில்ல உங்க வீட்டுக்கு இத்தனை குருவி வருதே, எங்க வீட்டுக்கு ஏன் வரமாட்டேங்குது?"ன்னு கேட்டார். நான் ஏதோ வசிய மை தடவி வெச்சிருக்கிற மாதிரி ஒரு பார்வை வேற :-)

அவர் தோட்டத்தை நான் பார்த்திருக்கேன். என்னுடையதை விட நூறு மடங்கு அழகு. நடுவுல மெத்தை மாதிரி மெக்சிகன் புல். சுவர் ஓரம் வரிசையா கோனோகார்பஸ். வாசல்ல பந்து மாதிரி கத்தரிச்ச ஃபைகஸ் ரெண்டு. என்னுடையது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முள்ளும் கொடியும் சருகுமா கிடக்கும். வர்றவங்க எல்லாரும், "எப்ப சார் சுத்தம் பண்ணப் போறீங்க?"ன்னுதான் கேட்பாங்க.

"உங்க தோட்டத்துல அதுங்க தின்ன ஒண்ணும் இல்லையே சார்"னேன். அவருக்கு முகம் கொஞ்சம் வாடிடுச்சு. அவசரப்பட்டுச் சொல்லிட்டோமேன்னு எனக்கும் ஆயிடுச்சு. அன்னிக்கு அவர்கிட்ட சொன்னதையும், சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்கே எழுதறேன். சுருக்கம் இதுதான்: கோடையில் பறவை வரணும்னா கோடையில் எதையும் நட்டுப் பிரயோஜனமில்லை. ஐப்பசியில நடணும். அதுவும் இந்தக் கரையோரத்துச் செடியா பார்த்து நடணும்.

"கரையோரமா? அம்பத்தூர்லயா?"ன்னு சிரிக்காதீங்க. இங்கேயிருந்து நேர்கோட்டில் கிழக்கே போனா கடல் பதினைந்து பதினாறு கிலோமீட்டர்தான். ஆவடியும் பூந்தமல்லியும் இருபது சொச்சம். மே மாசம் பகல்ல இங்கே உட்கார்ந்து பாருங்க. கடல்காற்று மெரினாவுக்கு வந்து ரொம்ப நேரம் கழிச்சுதான் நமக்கு வந்து சேரும். மேற்குக் காற்று பலமா அடிக்கிற அன்னிக்கு அதுவும் தாமதமாகும். அன்னிக்குத்தான் தார் உருகும். 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவாச்சு. கடலுக்குப் பக்கத்துல இருக்கிறவனுக்கே அந்தக் கதின்னா நமக்கு என்னன்னு யோசிச்சுக்குங்க.

மழையும் கரையோர மழைதான். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதுல ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டித் தீர்த்துடும். ஜனவரியிலேர்ந்து மே வரைக்கும் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான். மூணு மாசம் வெள்ளம், அஞ்சு மாசம் வறட்சி. இந்தக் கணக்குக்குப் பழகின ஒரு காடு இங்கே இருந்தது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுன்னு பெரிய பேர் அதுக்கு. விசாகப்பட்டினத்திலேர்ந்து ராமநாதபுரம் வரைக்கும் சோழமண்டலக் கரையை ஒட்டி இருந்த குட்டையான, அடர்த்தியான காடு. இப்ப துண்டு துண்டாத்தான் மிச்சம். கிண்டி தேசியப் பூங்காவில் இருக்கிற புதர்க்காடு, கோடியக்கரைக் காடு எல்லாம் அந்த வகை. இலை தடிப்பா, தோல் மாதிரி இருக்கும். எந்த வெயில்லயும் பச்சையா நிக்கும். பல மரங்களும் புதர்களும் கோடையை ஒட்டித்தான் பூக்கும், காய்க்கும். அதாவது ஊரே காயும்போது பறவைக்கு இங்கே பந்தி.

இது தெரியாம நானும் நண்பர் செஞ்ச தப்பையே செஞ்சவன்தான்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்க பின்பக்கம் இருந்த இயல்வாகை (மஞ்சளா பூக்குமே, அந்த மரம்) வேரோட சாய்ஞ்சுது. சென்னை முழுக்கவே இயல்வாகை, குல்மோகர், தூங்குமூஞ்சி எல்லாம் சரமாரியா விழுந்தன. வேம்பும் விழுந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா கண்ணுக்கு அதிகம் பட்டது இந்த வந்தேறி நிழல் மரங்கள்தான். திடீர்னு பின்பக்கம் வெட்டவெளியாச்சு. 2017 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். ஒரு நர்சரிக்குப் போய் அங்கே இருந்தவர் காட்டினதையெல்லாம் வாங்கிட்டு வந்தேன். புல்தரை, குட்டை இட்லிப்பூ, கலர் கலரா இலை இருக்கிற குரோட்டன்ஸ், ரெண்டு பாம். "பேர்ட்ஸ் நிறைய வரும் சார்"னார். வந்தது காக்கா மட்டும். அதுவும் அம்மா வைக்கிற சோத்துக்கு.

அப்புறம் 2019 வந்துச்சு. சென்னைக்காரங்க யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஜூன்ல புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலு ஏரியும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போச்சு. தெருவில் லாரித் தண்ணிக்குக் குடம் வரிசையில் நிக்குது. அந்த நேரத்துல புல்தரைக்குத் தண்ணி விடுறதாவது? ரெண்டே வாரத்துல புல் தென்னந்துடைப்பம் மாதிரி ஆயிடுச்சு. பாம் போச்சு. இட்லிப்பூ போச்சு. ரெண்டு வருஷ உழைப்பு, கொட்டின காசு எல்லாம் போச்சு.

ஆனா மூணு பேர் மட்டும் பச்சையா நின்னாங்க. ஒண்ணு, சுவர் மூலையில் யாரும் நடாம முளைச்ச நுணா. ரெண்டு, வேலிக் கம்பியில் ஏறியிருந்த கோவைக்கொடி. மூணு, பழைய முருங்கை. இதுல நுணாவை ரெண்டு தடவை வெட்டிப் போட்டிருக்கேன், "அழகா இல்லை"ன்னு. அது சட்டை பண்ணாம திரும்பத் துளிர்த்து, அந்தக் கொடுமையான வெயில்ல வெள்ளை வெள்ளையா பூத்து நின்னுச்சு. மல்லிகை மாதிரி ஒரு வாசனை வேற. அன்னிக்கு எனக்கு வந்தது அறிவுன்னு சொல்ல மாட்டேன். வெட்கம்.

அந்தக் கோடையில் ஒரு மண்சட்டியில் தண்ணி வெச்சேன். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனாலதான் காக்கா வாயைப் பிளந்துக்கிட்டு மூச்சு வாங்குது. வாய் வழியாத்தான் அது சூட்டை வெளியேத்தணும், அதுக்கு உடம்புல தண்ணி வேணும். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துட்டு, "ஏம்பா, மனுஷனுக்கே இல்லையாம், நீ குருவிக்கு வெக்கிறியா?"ன்னாங்க. நியாயமான கேள்விதான். அரை லிட்டர்மா, நான் பல் தேய்க்கிறப்ப மிச்சம் பிடிச்சதுன்னேன். மறுவாரம் அவங்க மாடியிலயும் ஒரு சட்டி இருந்துச்சு. நான் ஒண்ணும் கேட்டுக்கலை.

சட்டிக்கு யார் யார் வந்தாங்க தெரியுமா? மைனா, சின்னான் (கொண்டைக்குருவின்னும் சொல்வோமே), கூட்டமா கத்திக்கிட்டு வர்ற தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா, கூடவே அணில். குடிச்சுட்டு எல்லாரும் போய் உட்கார்ந்த இடம் அந்த நுணா. அப்பதான் உறைச்சுது. தண்ணி கூப்பிடும், அவ்வளவுதான். தங்க வைக்கிறது செடி.

அந்த வருஷம் புரட்டாசி கடைசியில், முதல் நல்ல மழைக்கு அப்புறம் திரும்ப ஆரம்பிச்சேன். இங்கேதான் என் முக்கியமான சண்டையே. நாம ஜூன் 5-ஆம் தேதி மரம் நடுறோம். பள்ளிக்கூடம், கம்பெனி, குடியிருப்போர் சங்கம், எல்லாரும் போட்டோ எடுத்துக்கிறாங்க. ஆனா நம்ம பக்கம் ஜூன்ல அனல்காற்று இன்னும் ஓயலை. பெருமழைக்கு நாலு மாசம் இருக்கு. யாராவது தினமும் ஊத்தினாத்தான் அந்தக் கன்னு பிழைக்கும், யாரும் ஊத்தறதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறது பயிருக்குச் சரி. சென்னைக் கரையோர மரத்துக்குப் பட்டம் ஐப்பசி. மூணு மாசம் மழையே ஊத்தும், வேர் கீழே இறங்கும், பங்குனி வெயிலுக்குள்ள அது தன் காலில் நின்னுடும். அம்பத்தூர், ஆவடியில் இருக்கிற சங்கங்கள் அந்த விழாவை மட்டும் அக்டோபருக்கு மாத்தினா, செத்துப் போற கன்னுல பாதியைக் காப்பாத்திடலாம்ங்கிறது என் எண்ணம்.

சரி, என்ன நடலாம்?

வேலி ஓரத்துக்குக் களா. முள் இருக்கறதால பூனை உள்ளே நுழையாது, குருவிக்குப் பாதுகாப்பு. கோடைக் கடைசியில் பழுக்க ஆரம்பிக்கும், ஊறுகாய்க்கு நமக்கும் பங்கு உண்டு. கோவைக்கொடி, வருஷம் பூரா பழம். குயில் அந்தச் சிவப்புப் பழத்தை முழுசா விழுங்கறதை மொட்டைமாடியிலேர்ந்து பார்க்கலாம். கொஞ்சம் இடம் இருந்தா நுணா இல்லாட்டி நறுவிலி. முருங்கை கட்டாயம், அதன் பூவுக்குத் தேன்சிட்டு காலையிலேயே வந்துடும். தெரு ஓரத்துக்குப் புங்கம். கோடை தொடங்கும்போதே தளதளன்னு புதுசா துளிர்த்து, ஊரே காயும்போது நிழல் தரும், பூவும் தரும். வேம்பு இருந்தா வெட்டாதீங்க. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு பழம் உதிரும்போது மைனாவுக்கும் சின்னானுக்கும் குயிலுக்கும் அதுதான் அன்னசத்திரம். ஆல், அரசு, அத்தி எல்லாம் வீட்டுக்கு வேண்டாம், சுவரைப் பிளந்துடும். ஏரிக்கரையில், கோயில் குளத்தோரம் நடுங்க. பனையும் அங்கேதான்.

அப்புறம் கறிவேப்பிலை, எலுமிச்சை. இலையில் ஓட்டை விழும், புழு மேயும். மருந்தடிக்காதீங்க. டெலாவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டக் டலமி, அமெரிக்காவில் சிக்கடிங்கிற ஒரு குட்டிக் குருவியைப் பத்திச் சொன்ன கணக்கு பிரபலம்: ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்க விட அதுக்கு 6,000-லேர்ந்து 9,000 புழுக்கள் வேணுமாம். நம்ம தையல்சிட்டும் அதே மாதிரி பத்து கிராம் கூடத் தேறாத ஆள்தான். பழம் தின்னுற, தேன் குடிக்கிற பறவைகளில் பலதும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். நம்ம பக்கம் பல தோட்டப் பறவைங்க குஞ்சு பொரிக்கிறது இந்தக் கோடை மாசங்களில்தான். பூச்சியில்லாத தோட்டம் குழந்தைக்குப் பாலில்லாத வீடு. நர்சரிச் செடிங்க பல "பூச்சியே வராது சார்"னு விக்கப்படுது. அதுதான் அதுங்ககிட்ட இருக்கிற குறையே.

இதையெல்லாம் நான் கண்டுபிடிச்சதா நினைக்காதீங்க. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996), வெளிநாட்டு அலங்கார மரங்களைக் கொண்டுவந்து நடுறதை எதிர்த்து, நம்ம மண்ணின் மரங்களுக்காகக் காலம் பூரா எழுதினவர். நேர்ல பார்க்கணும்னா அடையாறு கழிமுகத்துத் தொல்காப்பியப் பூங்காவைச் சொல்லலாம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கர். அதைச் சீராக்கி, இந்தக் கரையோரக் காட்டு மரங்களையும் அலையாத்திச் செடிகளையும் ஆயிரக்கணக்கில் நட்டு, 2011 ஜனவரியில் திறந்தாங்க. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவோட அனுபவம் அதுக்குப் பின்னால இருக்கு. 58 ஏக்கர்ல அரசாங்கம் செஞ்சது, 120 சதுர அடியில் நமக்கு ஏன் முடியாது? அளவு சின்னது, அவ்வளவுதானே.

"அப்ப வெளிநாட்டுச் செடின்னாலே கூடாதா?"ன்னு நண்பர் மடக்கினார். அப்படிச் சொன்னா நான் பொய்யன். என் வீட்டிலேயே தேன்பழ மரம் இருக்கு. சர்க்கரைப்பழம்னு பசங்க பொறுக்கித் தின்பாங்களே, அது. அமெரிக்கக் கண்டத்து மரம். ஆனா பூக்கொத்தியும் சின்னானும் அதைச் சுத்தி நாள் பூரா கிடக்குதுங்க. கொய்யா, சப்போட்டா, பப்பாளியும் வெளியூர்தான். என் கணக்கு மூணே கேள்வி. பறவையோ பூச்சியோ அதால பிழைக்குதா? கோடையில் அதிகம் ஊத்தாம நிக்குதா? நம்ம சுவரைத் தாண்டிக் கட்டுக்கடங்காம பரவுமா? உண்ணிச்செடிக்கும் பறவை வரும், ஆனா மூணாவது கேள்வியில் தோத்துடும். காட்டையே மூடிடும் அது. கோனோகார்பஸ் முதல் கேள்வியிலேயே தோத்துடும். குஜராத் 2023-லயே அதைத் தடை பண்ணுச்சு, 2025-ல் தமிழக அரசும் பண்ணிடுச்சு. நண்பர் வீட்டுச் சுவரோரம் மட்டும் இன்னும் நிக்குது :-)

எதிர்க்கேள்விகளும் நியாயமானவைதான். மழுப்ப விரும்பலை.

முதல்ல கொசு. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சட்டியைத் தினமும் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்ச்சு, புதுசா ஊத்தினா ஒரு கொசு கூட வராது. தினமும் முடியாதுன்னா சட்டியே வைக்காதீங்க, அது தப்பில்லை. ரெண்டங்குல ஆழம் போதும், உள்ளே ஒரு கல், நிழலான இடம், பூனை பாயாத உயரம்.

ரெண்டாவது பாம்பு. இது எங்க வீட்டிலேயே நடந்த சண்டை. "குருவி வருதுன்னு பாம்பையும் கூப்பிடறீங்க"ன்னு வீட்டம்மா ஒரே பிடிவாதம். அம்பத்தூர் ஏரியைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு இது சும்மா பயம் இல்லை. எங்க சமரசம் இது: கதவு, ஜன்னலிலேர்ந்து நாலடிக்கு வெறும் தரை. சருகு எல்லாம் கடைசிச் சுவரோரம் மட்டும். தவிட்டுக்குருவிங்க அங்கே போய்ப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடும். முக்கியமா, அரிசி, தானியம் இறைக்கிறதை அடியோட நிறுத்தினோம். தானியத்துக்கு எலி வரும், எலிக்குத்தான் பாம்பு வரும். கூடவே மாடப்புறாவும் வந்து மத்த எல்லாத்தையும் விரட்டும். கையால தீனி போட்டுப் பறவை வளர்க்கிறது வேற, தோட்டம் போடறது வேற. அம்மா காக்காவுக்கு வைக்கிற ஒரு கைப்பிடி சோறு மட்டும் விதிவிலக்கு. அதுல நான் தலையிட முடியாது.

மூணாவது, அசிங்கமா இருக்குங்கிறது. இதுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. இருக்கத்தான் செய்யும். ஆனா மூணு வருஷம் முன்னால, துணி காயப்போடுற கொடியில் தேன்சிட்டு கூடு கட்டுச்சு. பெண் பறவைதான் கட்டும். சிலந்தி நூல், காஞ்ச நார், மரப்பட்டைத் துணுக்கு எல்லாம் சேர்த்து, ஒரு அழுக்குப் பை தொங்கற மாதிரி. எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது, நான் ஒட்டடை அடிக்காம விட்ட மூலையிலேர்ந்துதான் அது நூல் எடுத்திருக்கு. அந்தக் கூடு காலியாகற வரைக்கும் எங்க வீட்டுத் துணி மாடியில்தான் காஞ்சுது. பாம்புக்குச் சண்டை போட்டவங்களே அந்த உத்தரவையும் போட்டாங்க.

குளிர்காலத்துல பருத்திப்பட்டு ஏரிக்கும் கொரட்டூர் ஏரிக்கும் பைனாகுலரோட போறோம், தூரதேசத்துப் பறவை வந்திருக்குன்னு. போகணும், நானும் போறேன். ஆனா அதுங்க விருந்தாளி, பங்குனிக்குள்ள பல பேர் கிளம்பிடுவாங்க. சித்திரை வெயிலை நம்மகூடவே அனுபவிக்கிறது இந்தத் தையல்சிட்டும் சின்னானும்தான். வேற போக்கிடம் இல்லை அதுங்களுக்கு. முன்னே எங்க தெருக்கோடியில் ஒரு காலிமனை இருந்துச்சு. ஈச்சம்புதரும் கோவையும் மண்டிக் கிடக்கும். போன வருஷம் அதுல அடுக்குமாடி வந்தாச்சு. யாரையும் குறை சொல்லலை, மனுஷனுக்கும் வீடு வேணும். இப்படி ஒவ்வொரு மனையா மூடும்போது, அங்கே இருந்ததெல்லாம் எங்கே போகும்ங்கிற கேள்விக்கு நம்ம கொல்லைப்புறம் ஒண்ணுதான் பதில். அதையும் சிமெண்ட் போட்டு மூடி, மேல நாலு பாம் தொட்டி வெச்சுட்டு, குருவி வரலையேன்னு வருத்தப்பட்டா எப்படி?

நண்பர் கிளம்பும்போது, "சரி சார், நாளைக்கே ரெண்டு களா வாங்கி வெச்சிடறேன்"னார். வேண்டாம்னேன். இப்போதைக்கு ஒரு மண்சட்டி வைங்க, புல்தரையில் ஒரு மூலையை மட்டும் வெட்டாம விடுங்க, போதும். குயிலும் சின்னானும் எச்சத்துல எதையாவது போட்டுட்டுப் போகும், முளைக்கறதைப் பிடுங்காம பாருங்க. என் கொல்லையில் பால் கவர்ல நுணாவும் களாவும் பத்துப் பன்னிரண்டு கன்னு வளருது. முதல் மழை விழுந்த மறுநாள் மண்வெட்டியோட வாங்க, எடுத்துட்டுப் போகலாம்.

கோனோகார்பஸைப் பத்தி அன்னிக்கு ஒண்ணும் பேசலை. அதை ஐப்பசியில பேசிக்கலாம்.